வேகம் போதாது

செப்டம்பர் 2

காலை 7 மணி: 0.9. மதியம் 1 மணி: 0.6. மாலை 5 மணி: 0.8.

இந்த நோட்டை இதற்காகத்தான் வாங்கினேன். கீழே ஊரில் கேபிள் டிவி நடத்தும் ஸ்டீபன் சொல்லியிருக்கிறார். "ஒரு மாசத்துக்கு மூணு வேளையும் ஸ்பீடு பாத்து எழுதி வைங்க டாக்டரம்மா. சும்மா நெட்டு ஸ்லோன்னா எனக்கு என்னா வெளங்கும்? வலிக்குதுன்னு ஒருத்தன் வந்தா, எந்த எடத்துலன்னு நீங்க கேக்க மாட்டீங்களா?"

நியாயம்தான். ஆனால் நான் தொட்டுப் பார்க்கும் டாக்டர் இல்லை. ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர். நோயாளியின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஜூன் மாதம் பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டேன். ஆகஸ்டு முதல் இந்தத் தோட்டத்து வீட்டிலிருந்தே வேலை. தாண்டிக்குடி மலையின் மேற்குச் சரிவில் நாலு ஏக்கர் காப்பியும் மிளகும். நானும் குணசீலனும் பத்து வருஷம் முன்னால் வாங்கியது. அவர் கப்பலில் இன்ஜினியர், ஜனவரியில்தான் இறங்குவார். தோட்டத்தை ஒச்சப்பன் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அவருடைய ஓட்டு வீடு கூப்பிடும் தூரத்தில் இருக்கிறது.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே தலை ஸ்கேன் எடுப்பார்கள், படம் பார்க்க ஆள் இல்லை. படங்கள் கோயம்புத்தூரில் என் கல்லூரித் தோழி சந்திரிகாவின் கம்பெனிக்குப் போய் அங்கிருந்து எனக்கு வரும். ஒரு தலைக்கு நூற்றிருபது மெகாபைட். இந்த வேகத்தில் இறங்க இருபது நிமிடம். அடிபட்டவர்களின் படத்துக்கு அரை மணிக்குள் அறிக்கை போகவேண்டும் என்பது சந்திரிகாவின் விதி.

தாமதம் அதனால்தான். எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 5

0.8. 0.7. 0.7.

ஒரு பெரியவர், அறுபத்திரண்டு வயது, குளியலறையில் வழுக்கி விழுந்தவர். 10.10க்கு இறங்க ஆரம்பித்த படம் 10.31க்கு முழுசாக வந்தது. அறிக்கையை அனுப்பியபோது 11.20. நடுவில் முபாரக் மூன்று தடவை கூப்பிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினை இயக்குபவர் அவர். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"மேடம், வெளிய அவரு பசங்க நிக்கிறாங்க. படம் வந்துருச்சா?"

"வந்துட்டே இருக்கு முபாரக். நெட் ரொம்ப மோசம்."

அவர் இரண்டாம் முறை கூப்பிட்டது 10.50க்கு. அப்போதும் அதையேதான் சொன்னேன்.

பெரியவருக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 11

ஸ்டீபன் வந்தார். நாற்பத்திரண்டு வயசிருக்கும். கூரையில் ஏறும்போதும் பேசிக்கொண்டே ஏறுகிறார், பெரும்பாலும் கருவிகளிடம். ஒரு ஆளுயர இரும்புக் குழாய், அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஒரு ஆண்டெனா. கிட்டத்து டவரைப் பாறை மறைக்கிறதாம். அதனால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தெரியும் தூரத்து டவரைப் பார்த்துத் திருப்பினார். "வா, வா, வா... அந்தா, நில்லு!" கீழே நான் எண்ணைப் படித்துச் சொல்லவேண்டும். இரண்டு. மூன்று. நாலரை. ஆறு புள்ளி இரண்டு.

"எப்பிடி?" என்றார் கூரையிலிருந்து.

நல்லது என்றேன். ஒச்சப்பன் அண்ணன் கொண்டுவந்த காப்பி மிகவும் சூடு. டம்ளரைக் குடிக்காமலே திண்ணையில் வைத்தேன்.

செப்டம்பர் 13

6.4. 5.9. 6.1.

படம் 9.02க்கு ஆரம்பித்து 9.05க்கு வந்துவிட்டது. அறிக்கை 9.58க்கு.

ஆறு என்பது பெயருக்குத்தான் ஆறு. படங்களைப் புரட்டும்போது தடங்குகிறது. இது போதாது.

செப்டம்பர் 14

சந்திரிகா கூப்பிட்டாள்.

"தமா, உன் பக்கம் படம் மூணு நிமிஷத்துல எறங்கிடுதுடி. எங்க சர்வர்ல தெரியுது. அதுக்கப்புறம் ஏன் அம்பது நிமிஷம்?"

"தெறக்க மாட்டேங்குது. பாதியில நிக்குது."

 "பழசையே நெனச்சிட்டு இருக்கியா?" என்றாள்.

"நெட்டுதான் பிரச்சினை சந்திரி. நான் ஃபைபருக்குச் சொல்லியிருக்கேன்."

அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி ஃபோனை வைத்தேன். பிறகுதான் ஸ்டீபனைக் கூப்பிட்டு ஃபைபருக்குச் சொன்னேன்.

செப்டம்பர் 20

காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் வாசலில் காட்டுமாடு. பனிமூட்டத்தில் அதன் முழங்கால் வெள்ளை மட்டும் முதலில் தெரிந்தது. அதற்கு மேலே கறுப்பாக ஒரு சுவர். நகரவில்லை. நானும் நகரவில்லை. தோட்டத்துக்குள்ளிருந்து ஒச்சப்பன் அண்ணன் மெல்லச் சொன்னார்: "அசையாம நில்லுங்க. அது உங்களப் பாக்கல டாக்டரம்மா, அது பாட்டுக்கு மேயிது."

அது போனபிறகு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன். எட்டு மணிக்கு முதல் ஃபோன் அடித்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டதே, காட்டுமாட்டைப் பார்த்தபோது அந்த அளவு அடித்துக்கொள்ளவில்லை. இது ஏன் என்று தெரியவில்லை.

ஃபோன் மணியை மாற்றிவிட்டேன். புல்லாங்குழல்.

செப்டம்பர் 22

புல்லாங்குழலும் ஆகவில்லை. இப்போது வெறும் அதிர்வு. மேசைமேல் இருந்தால் மேசை முழுக்க அதிர்கிறது. அதனால் தலையணைமேல் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 26

ஃபைபர் கொண்டுவர மூன்று கிலோமீட்டர். ரோடு வரைக்கும் கம்பம் இருக்கிறது. அங்கிருந்து வீடு வரைக்கும் நம் சில்வர் ஓக் மரங்களில்தான் கட்டி வரவேண்டும். ஒச்சப்பன் அண்ணன் மரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"மொளகுக்கொடி ஏறுன மரம். இதுல ஆணி எறங்குச்சுன்னா கொடி காஞ்சு போகும். நான் விட மாட்டேன்."

"ஒரு ஆணிக்கு மரம் செத்துருமாண்ணே?" என்றார் ஸ்டீபன்.

"நட்டவனுக்குத்தான் தெரியும். ஒன் டிவிப் பொட்டியில நான் ஆணி அடிக்கட்டா?"

இருவரும் சத்தம் போட்டார்கள். கடைசியில் ஆணி இல்லாமல் பிளாஸ்டிக் பட்டையால் கட்டுவது, கொடிக்குக் கீழே இடுப்பு உயரத்தில் கொண்டுவருவது என்று முடிவானது. போகும்போது ஸ்டீபன் சொன்னார்: "இந்தாளு என்னைக்கோ ஒரு நாள் வயர அத்து விடப்போறான் பாருங்க."

அக்டோபர் 8

ஃபைபர் வந்துவிட்டது. சுவரில் வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கு. வேகம் 98.

"இனிமே நீங்க கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள படம் வந்து நிக்கும்," என்றார் ஸ்டீபன். ஆண்டெனாவையும் கழற்றவில்லை. இது போனால் அது இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார். தன் மனைவி ஜெசிந்தாவை வீடியோவில் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் சிரித்தேன். ஃபோன் திரையில் என் முகம் சின்னக் கட்டத்தில் தெரிந்தது. நோயாளி மாதிரி இருந்தேன்.

அக்டோபர் 9

படம் அனுப்பியது 8.41. வந்தது 8.41.

இருபத்தாறு வயதுப் பெண், பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்தவள். படம் தெளிவாக இருந்தது. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. மூடினேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்த்து வந்தேன். மறுபடி திறந்தேன். மேலிருந்து கீழே. எழுதவேண்டியது ஒரே வரிதான்: ரத்தக்கசிவு இல்லை. எழுதினேன். அழித்தேன். கை கழுவினேன். மறுபடி திறந்தேன்.

9.50க்கு அனுப்பினேன். முபாரக்கிடம், ஃபைபர் புதுசு, இன்னும் செட் ஆகவில்லை என்றேன்.

"சரிங்க மேடம்," என்றார். அவர் நம்பவில்லை என்று தோன்றியது. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 10

98. 97. 98.

அக்டோபர் 13

98. 98. 98.

முபாரக் சொன்னார்: "நேத்து தலை ஸ்கேன் எடுத்த அந்த அம்மாவ, ரிப்போர்ட் வர லேட்டாகுதுன்னு டூட்டி டாக்டர் மதுரைக்கே அனுப்பிட்டார் மேடம். அங்க ஒண்ணுமில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். எழுபது வயசு. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம் ஜீப்புல. தப்பா நெனைக்காதீங்க, சொல்லணும்னு தோணுச்சு."

சந்திரிகா செய்தி அனுப்பியிருக்கிறாள். வியாழனன்று அடிவார ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரோடு பேசவேண்டுமாம். "இப்ப நெட் சரியாயிடுச்சுல்ல?" என்று கேட்டிருக்கிறாள்.

பதில் போடவில்லை. சாப்பிடவில்லை. பசியில்லை.

அக்டோபர் 15

காலை ஆறேகாலுக்குக் கீரை பறிக்கலாம் என்று கூடையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு மூன்றாவது சில்வர் ஓக் பக்கம் போனேன். பனி. ஆள் நடமாட்டம் இல்லை. கீரை கிடைக்கவில்லை.

ஆறரையிலிருந்து நெட் இல்லை. பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது. காற்றாக இருக்கலாம். மலையணில் கடிப்பதும் உண்டு என்று ஸ்டீபனே சொல்லியிருக்கிறார். ஆண்டெனாவும் வேலை செய்யவில்லை என்று சந்திரிகாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஆண்டெனாவைப் போட்டுப் பார்க்கவில்லை.

மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். இங்கே வந்தபிறகு பகலில் தூங்கியது இன்றுதான். கனவு இல்லை.

அக்டோபர் 16

ஸ்டீபன் வந்து வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அணில் இல்ல டாக்டரம்மா. அணில் கடிச்சா நார் நாராத் தொங்கும். இது நறுக்குன்னு இருக்கு. வெட்டியிருக்கான்."

காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து ஒச்சப்பன் அண்ணன் வந்தார். கையில் கவாத்துக் கத்தி. அதற்கு மேல் ஸ்டீபனுக்கு என்ன வேண்டும்?

"ஏண்ணே, மொளகுக்கொடிக்கு இப்பச் சந்தோஷமா?"

"என்னா சொல்ற?"

"வயர வெட்டிப்புட்டு என்னா சொல்றன்னா கேக்குற? அங்க உசுருக்குப் போராடுறவன் படம் இதுல வருது, தெரியுமா ஒனக்கு?"

"நான் தொடவேயில்ல. ஆத்தா மேல சத்தியமா." ஒச்சப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க. நான் அப்பிடிச் செய்யிற ஆளா?"

எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. விடுங்க, போனது போகட்டும், முதலில் சரிபண்ணலாம் என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

ஸ்டீபன் சொன்னார்: "இனி அவன் கைக்கு எட்டாத ஒசரத்துல கட்டுறேன். நாளன்னிக்கு வாரேன்."

அக்டோபர் 17

மழை. ஒச்சப்பன் அண்ணன் காலையில் வழக்கம்போலப் பால் வாங்கி வந்து காப்பி போட்டு வைத்தார். நான் குடித்தேன். வேலைக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் அவரைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஊர் டீக்கடை வரைக்கும் பேச்சுப் போய்விட்டதாம்.

நாளைக்குச் சொல்லலாம். மழை விட்டதும் சொல்லலாம்.

அக்டோபர் 18

காலையிலிருந்து நடந்ததை வரிசையாக எழுதப்போகிறேன். எதையும் விடாமல்.

பத்து மணிக்கு ஸ்டீபன் வந்தார். தூறல் நின்றிருந்தது, மரமெல்லாம் ஈரம். இன்னொரு நாள் பார்க்கலாமே என்றேன். "ஒங்க வேலை கெடக்குதுல்ல," என்றார். மூன்றாவது மரத்தில் கொடிக்கும் மேலே, இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறினார். இடுப்பில் கயிறு. நான் வீட்டுக்குள் போய்விட்டேன். பார்க்க முடியவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. தேங்காய் விழுந்த மாதிரி ஒன்று.

ஓடினேன். மல்லாந்து கிடந்தார். கயிறு அவிழ்ந்து மேலே கிளையில் தொங்கியது. கண் திறந்திருந்தது. வலது காதுக்கு மேலே ரத்தம். அசையாதீர்கள் என்று கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பதினோரு வருஷமாக நான் ஒரு நோயாளியைத் தொட்டதில்லை. அவருடைய முடி ஈரமாக, சூடாக இருந்தது.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா, வழுக்கிருச்சு," என்றார். பெயர் கேட்டேன், சொன்னார். என்ன கிழமை என்று கேட்டேன், யோசித்துச் சொன்னார். ஒரு தடவை வாந்தி எடுத்தார்.

ஒச்சப்பன் அண்ணன்தான் கதவுப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்தார், ஜீப்புக்குச் சொன்னார், பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கூட்டினார். ஸ்டீபனின் தலையைத் தன் தொடைகளுக்கு நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தார். இரண்டு நாளாகத் தன்மேல் வயர் வெட்டிய பழியைப் போட்டவரின் தலையை.

நான் போகவில்லை. ஜீப்பில் இடமில்லை என்றேன். இடம் இருந்தது.

மூன்று மணிக்குத் தலையணைமேல் ஃபோன் அதிர்ந்தது.

"மேடம், உங்க ஊர்லேர்ந்து ஒருத்தர் வந்துருக்காரு, மரத்துலேர்ந்து விழுந்து. கழுத்தெலும்பு எக்ஸ்ரே நல்லாருக்கு. தலை ஸ்கேன் எடுத்தாச்சு. பேரு ஸ்டீபன். படம் அனுப்புறேன்."

சந்திரிகாவைக் கூப்பிட்டேன். வேறு யாரையாவது பார்க்கச் சொல் என்றேன். கெஞ்சினேன்.

"ஒருத்தர் லீவு, இன்னொருத்தர் கையில பதினாலு கேஸ் நிக்குதுடி. நான் ரோட்ல இருக்கேன், கார் ஓட்டிட்டு. நீ பாரு தமா. உன்னால முடியும்."

"முடியாது."

"அப்ப அந்தாளு காத்திருக்கணும்," என்றாள்.

ஃபைபர் இல்லை. ஆண்டெனாவைப் போட்டேன். வேலை செய்தது. அது எப்போதும் வேலை செய்தது. மழையில் வேகம் இரண்டு. எட்டு நிமிடம். ஒவ்வொரு படமாக வந்தது. ஃபைபர் இருந்திருந்தால் பத்து நொடி. அதை வெட்டியது நான். 15ஆம் தேதி காலை ஆறேகாலுக்கு, கீரை பறிக்கும் கத்தரிக்கோலால். கையெழுத்து கோணலாகிறது. பரவாயில்லை. நான்தான் வெட்டினேன்.

எட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். அப்போது செண்பகவல்லியை நினைத்தேன். இந்த நோட்டில் இதுவரை அவள் பெயரை எழுதவில்லை. முப்பத்தொரு வயது, ஸ்கூட்டரில் சறுக்கி விழுந்தவள், மே மாதம். பெரிய ஆஸ்பத்திரியில் என்னைவிட வேகமாகப் படம் பார்க்க ஆளில்லை என்பார்கள். எனக்கு அதில் பெருமை. அவள் படத்துக்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் நான்கு நிமிடம். ரத்தக்கசிவு இல்லை என்று எழுதினேன். வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் சமையலறையில் விழுந்தாள். அப்புறம் எழவில்லை. பழைய படத்தைத் திறந்து, படத்தின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால், மண்டையோட்டின் வெண்மைக்கு அடியில், அதே வெண்மையில், நூல் அளவு ரத்தம். நான் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கவில்லை. யாராக இருந்தாலும் தவறவிட்டிருக்கலாம் என்று விசாரணைக் குழு எழுதியது. ஆனால் தவறவிட்டது யாரோ இல்லை. நான்.

3.31க்கு ஸ்டீபனின் படம் முழுசாக வந்தது.

மேலிருந்து கீழே பார்த்தேன். வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். எலும்பு மட்டும் தெரியும்படி படத்தை மாற்றிப் பார்த்தேன். பக்கவாட்டில், முன்னும் பின்னும் பார்த்தேன். காதுக்கு மேலே தோலுக்கு அடியில் வீக்கம். எலும்பு முறியவில்லை. உள்ளே ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதுதான் பயங்கரம். ஏதாவது இருந்தால் கைகாட்டிவிடலாம். இல்லாததை எப்படிக் காட்டுவது?

உடனே ஒரு வழி தோன்றியது. "சந்தேகம், மதுரைக்கு அனுப்பவும்" என்று எழுதிவிடலாம். யாரும் என்னைக் கேட்கமுடியாது. எழுதவும் செய்தேன். அந்த எழுபது வயது அம்மாவின் நினைவு வந்தது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இது ஸ்டீபனுக்காக எழுதுவதில்லை, எனக்காக எழுதுவது. அழித்தேன்.

மறுபடி முதலிலிருந்து ஒரே ஒரு முறை, விரலால் எண்ணிக்கொண்டு பார்த்தேன். எழுதினேன்: ரத்தக்கசிவு இல்லை. எலும்பு முறிவு இல்லை. வாந்தி எடுத்திருப்பதால் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்கவும். தலைவலி கூடினாலோ மயக்கம் வந்தாலோ உடனே மறு ஸ்கேன்.

அனுப்பியபோது 3.48. பதினேழு நிமிடம்.



அக்டோபர் 19

விடிந்ததும் ஜெசிந்தாவுக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஸ்டீபனுக்கு மறுபடி வாந்தி, அவர் எழவில்லை, அவளுக்குப் புரியவில்லை, முபாரக் டூட்டியில் இல்லை. எல்லாவற்றையும் மனக்கண்ணால் பார்த்தேன், நின்ற இடத்திலேயே.

ஏழு இருபதுக்கு அவளே கூப்பிட்டாள். "குளிக்கப் போயிருந்தேன் டாக்டர். எந்திரிச்சு உக்காந்து இட்லி கேக்குறாரு. ஆஸ்பத்திரி இட்லி நல்லால்லைன்னு சண்டை."



மாலையும் நன்றாக இருக்கிறார். நாளைக் காலை வீட்டுக்கு விடுகிறார்களாம். ஒச்சப்பன் அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ராத்திரி ஜெசிந்தாவுக்குத் துணையாக ஆள் வேண்டும் என்று தங்கிவிட்டாராம்.

அக்டோபர் 20

ஒச்சப்பன் அண்ணன் மதியம் வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து பேசினால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"வயர வெட்டுனது நான்தாண்ணே."

அவர் ஒரு செருப்போடு நின்றார். ஏன் என்று கேட்கவில்லை. நானே சொன்னேன், செண்பகவல்லி, நான்கு நிமிடம், எல்லாம். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. சொல்லிட்டீங்க," என்றார் கடைசியில். "ஆனா ரெண்டு நாளா எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நான் போட்ட காப்பியக் குடிச்சீங்களே டாக்டரம்மா."

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாலு மணிக்குக் கீழே ஊருக்கு நடந்து போனேன். ஸ்டீபன் கட்டிலில் இருந்தார், தலையில் கட்டு. டீக்கடைப் பேச்சு நின்றுபோகவேண்டும் என்பதற்காக, ஜெசிந்தாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். ஸ்டீபன் என்னை வெறித்துப் பார்த்தார்.

"பயமா இருந்துச்சுன்னா ஒரு ஃபோன் போட்டு, இந்த வயரு வேணாம் ஸ்டீபன்னு சொல்லிருக்கலாம்ல? நானே கழட்டிச் சுருட்டிட்டுப் போயிருப்பேனே."

நான் அவருடைய தலைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜீப்புல ஒச்சப்பன் மடியில வாந்தி எடுத்தேன் டாக்டரம்மா. மூஞ்சியத் தொடச்சு விட்டான். அவனப் போயி..." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இனி அந்த மரத்துல நான் ஏற மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

ஜெசிந்தா வாசல்வரை வந்தாள். கேட்டைச் சாத்தினாள்.

அக்டோபர் 24

சந்திரிகாவிடமும் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் திட்டினாள். கத்தினாள். நான் இல்லாமல் நடந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் முடிந்தபிறகு கேட்டாள்: "உனக்கு என்னதாண்டி வேணும்? சொல்லித் தொலை."

தலையில் அடிபட்டவர்களின் படங்களை எனக்குப் பின்னால் இன்னொருவர் அன்றைக்கே ஒருமுறை பார்க்கவேண்டும் என்றேன். என் அறிக்கை நேரத்துக்குப் போகட்டும். ஆனால் எனக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கண் இருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும்.

"இதக் கேக்க உனக்கு இவ்ளோ மாசமா? நான் பாக்குறேன். தெனமும் சாயங்காலம் நானே பாக்குறேன்." பிறகு குரலை இறக்கி, "அடிவார ஆஸ்பத்திரிக்கு நீயே ஒரு கடிதம் எழுது. நடந்தத மறைக்காம. அவங்க வேணாம்னா வேணாம்தான்," என்றாள்.

எழுதிவிட்டேன். அனுப்பு என்பதை அழுத்த இருபது நிமிடம் ஆயிற்று.

அக்டோபர் 29

அவர்கள் பதில் வந்தது. இரண்டு மாதம் பார்ப்பார்களாம், பிறகு முடிவு செய்வார்களாம். நன்றி என்றோ மன்னிப்பு என்றோ ஒரு வார்த்தை இல்லை. சரிதான்.

ஒச்சப்பன் அண்ணன் தோட்டத்து வேலைக்கு வருகிறார். காப்பி பழுக்க ஆரம்பித்துவிட்டது. நேற்று ஸ்டீபன் தலைக்கட்டோடு அவர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர்கள் பேச்சு இங்கே கேட்கவில்லை. என் வீட்டுக்கு இருவரும் வரவில்லை. பால் நானே போய் வாங்குகிறேன். காப்பி நானே போடுகிறேன்.

நவம்பர் 4

மழை. வேகம் 1.9. மூன்றாவது மரத்தில் ஃபைபர் அப்படியே தொங்குகிறது. வேறு ஆள் யாரும் இன்னும் வரவில்லை.

காலை 11.06க்கு ஏழு வயதுப் பிள்ளை ஒன்றின் படம் ஆரம்பித்தது. பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்தவள். 11.14க்கு வந்து முடிந்தது.  உள்ளங்கை ஈரத்தில் மௌஸ் வழுக்கியது, புடவையில் துடைத்துக்கொண்டேன். வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன். எலும்பு தெரியும்படி மாற்றிப் பார்த்தேன். கீழிருந்து மேலே விரலால் எண்ணினேன். எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. எழவில்லை. ரத்தக்கசிவு இல்லை என்று எழுதினேன். 11.29.

ஒரு நிமிடத்தில் முபாரக் கூப்பிட்டார்.

"ரிப்போர்ட் வந்துருச்சு மேடம். அவங்கம்மாகிட்ட இப்பவே சொல்லிர்றேன், அழுதுட்டே நிக்குது பாவம்." கொஞ்சம் தயங்கினார். "நெட்டு சரியாயிருச்சா மேடம்?"

"இல்ல முபாரக்," என்றேன். "நெட்டு அப்படியேதான் இருக்கு."